துரு போன பிறகு தெரிந்த இலக்கம்

பக்கத்து வளவு அக்கா தேங்காய் கேட்டு வந்தவர், படலையைத் திறந்தவர், விறாந்தையில் பழைய சாக்கின் மேல் கிடந்ததைக் கண்டதும் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். மாமா பின்னால் போய், அது லைசன்ஸ் துவக்கு, வெடிக்காது, தம்பி மினுக்குகிறான் என்று விளங்கப்படுத்திவிட்டு வந்தார். அக்கா அன்று தேங்காய் வாங்க வரவேயில்லை. அவருக்கு 2009இல் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். வன்னியில் இந்த வேலையை விறாந்தையில் வைத்துச் செய்யக்கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீதி நாட்கள் முழுக்கப் பின்னறையில், யன்னலோரம்.

செட்டிகுளம் பக்கம் மாமாவுக்குக் காணி. காலபோகத்துக்கு நெல், மேட்டில் உழுந்தும் கச்சானும். பன்றி வரும், குரங்கு வரும், சில வருடம் யானையும் வரும். அம்மப்பா காலத்தில் பயிர்க் காவலுக்கென்று எடுத்த ஒற்றைக்குழல் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) துவக்கு, அவருக்குப் பின் முறைப்படி மாமாவின் பெயருக்கு மாறியது. இடையில் நீண்ட கதை இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்த துவக்குகளில் சில இயக்கங்களிடம் போயின, சில பொலிசில் ஒப்படைக்கப்பட்டன. அம்மப்பாவுடையது இரண்டாவது வகை. ஒரு பொலிஸ் நிலையத்தின் அறையில், கழுத்தில் அட்டை கட்டி, எத்தனையோ மாரியைப் பார்த்துவிட்டு, சண்டை முடிந்து பல வருடம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது. வந்தபோது அது துவக்கு மாதிரி இல்லை, வயலில் உழும்போது கிளம்பிய இரும்பு மாதிரி இருந்தது.

என் தொழில் தளபாடங்களுக்குப் பொலிஷ் போடுவது. பழைய அலுமாரி, சாய்மனைக் கதிரை, ஊஞ்சல் பலகை எல்லாம் என் கைக்கு வரும். அதனால் மாமா கேட்டபோது, இதென்ன பெரிய வேலை, ஒரு கிழமையில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏழு மாதம் ஆனது.

சட்டப்பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் விளையாட இடமில்லை. இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ் வருகிறது. 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். லைசன்ஸ் டிசம்பர் 31 வரைக்கும்தான், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் மாமாவுக்கு மட்டும்தான், எனக்கில்லை. ஆகவே வேலை அவருடைய வீட்டில், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நடந்தது. அவர் வயலுக்குப் போனால் துவக்கு பெட்டிக்குள் போய்விடும், நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பேன். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். உள்ளே இருக்கும் விசைப்பொறியைத் தொடுவதில்லை என்றும் முதல் நாளே பேசிக்கொண்டோம். துவக்குத் திருத்துவது அனுமதி உள்ளவனின் வேலை. நாங்கள் மேல்தோலை மட்டும் பார்ப்பது என்று முடிவு.

வேலை தொடங்கமுதல் எந்தத் தளபாடத்துக்கும் செய்வதுபோல் படம் எடுத்தேன். எல்லாப் பக்கத்தாலும், கிட்டவாக, போனில் ஐம்பது அறுபது படம். பழக்கத்தில் எடுத்ததுதான், பின்னால் அது எங்களைக் காப்பாற்றும் என்று அப்போது தெரியாது.

துவக்கை மடக்கித் திறந்து, தோட்டா அறை வெறுமையா என்று கண்ணால் பார்த்து, பிறகு விரலையும் விட்டுப் பார்த்தோம். இனிக் குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. குளவி கூடு கட்டியிருந்தது! வன்னியில் ஓட்டை எது கிடைத்தாலும் மண் குளவி விடாது, தண்ணீர்க் குழாய், கதவுப் பூட்டு, சைக்கிள் ஹாண்டில், எல்லாவற்றிலும் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். இங்கே வாய்ப்பக்கத்தில் நாலு விரல் நீளத்துக்கு இறுகிப்போன மண். அடைப்போடு வெடி வைத்தால் குழல் பிளக்கும், கை போகும். வீட்டில் துவக்கு வைத்திருக்கும் யாராவது இதை வாசித்தால், வேறொன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, எழும்பிப்போய் மடக்கித் திறந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மண்ணை நனைத்து, மரத்தடியால் மெல்லத் தள்ளி எடுத்தோம். மண்ணெண்ணெய் நனைத்த சீலை, பித்தளைத் தூரிகை, மறுபடி சீலை. சீலை வெள்ளையாக வர மூன்று நாள். உள்ளே கொஞ்சம் பள்ளம் பள்ளமாக அரித்திருந்தது. அப்போது அதை மட்டும்தான் பார்த்தேன். இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளியே இரண்டு விதமான துரு. சிவந்து, பொருமி, விரல் வைத்தால் தூளாக ஒட்டுவது உயிருள்ள துரு, இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். கபிலமாக, இறுகி, மழமழப்பாகக் கிடப்பது வேறு. அது வயது, பலருடைய கைபட்ட நிறம். அதை எடுக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் பிரித்து அறிவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. எமரி பேப்பரை எடுத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும், கீழே இருக்கும் நீல மெருகும் போய்விடும், எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிவிடும். ஆகவே எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, செம்பு நாணயத்தின் விளிம்பால் சுரண்டினோம். இரும்பை விடச் செம்பு மெது, துருவைத் தூக்கும், இரும்பில் கோடு போடாது. மாமியின் பழைய தகரப்பெட்டிக்குள் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட ஒரு சதக்குற்றிகள் சில கிடந்தன. அதைவிட நல்ல ஆயுதம் எனக்கு அகப்படவில்லை. அதன் பின் மிக மெல்லிய இரும்புக் கம்பளி, எண்ணெயோடு, கையைப் பாரம் போடாமல். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பின்னேரம் போகும்.

எண்ணெய் என்றதும் எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய்தான் நினைவுக்கு வரும். வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்து வைக்கும், இடுக்குகளில் பசை மாதிரி உறையும். அம்மப்பா காலத்து எண்ணெய் அப்படித்தான் உறைந்து கிடந்தது. தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, காயாது, கடையில் மலிவாகக் கிடைக்கும், அது போதும்.

மாமாவின் மகன், உயர்தரம் படிக்கிறவன், உதவி செய்ய ஆசைப்பட்டான். விசைக்காப்பு வளையத்தைக் கழற்றி வைத்திருந்தேன். நான் சந்தைக்குப் போய் வருவதற்குள், குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி தேசிக்காய்ப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டான். வந்து பார்க்கிறேன், வளையம் வெள்ளிக் காப்பு மாதிரிப் பளபளக்கிறது. நீலம் முழுக்கப் போய்விட்டது. அவன் முகத்தில் பெருமை! என்ன சொல்ல முடியும்? பிறகு இருத்தி விளங்கப்படுத்தினேன். துவக்கின் நீல மெருகு பெயின்ட் அல்ல, அதுவும் இரும்பின் ஒட்சைட்டுதான், ஒரு வகையில் கட்டுப்படுத்திய துரு. பழைய முறையில் குழலை வேண்டுமென்றே மெல்லியதாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டுச் சிவப்பைக் கறுப்பாக்கி, தூளைத் துடைத்துவிட்டு, மறுபடி துருப்பிடிக்க விட்டு, இப்படிப் பல தடவை செய்துதான் அந்த நிறத்தைக் கொண்டுவருவார்கள். ஆகவே துருவைக் கரைக்கும் புளி மெருகையும் கரைக்கும், இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க அதற்குத் தெரியாது. பையன் இரசாயனவியல் படிக்கிறவன், சட்டென்று பிடித்துக்கொண்டான். வளையத்துக்குத் திரும்ப நீலம் ஏற்றலாமா என்று மாமா கேட்டார். ஏற்றியிருந்தால் அது மட்டும் புதிதாக நின்றிருக்கும், பிறகு மற்றதெல்லாம் பழசாகத் தெரிந்து, ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லும். சாம்பல் நிறத்திலேயே விட்டு எண்ணெய் பூசி வைத்தோம்.

மரம் என் தொழில். அதில்தான் அதிகம் சறுக்கினேன்.

முன்பிடி இங்கிலாந்தில் போட்ட வோல்நட் மரம், சந்தேகமில்லை. தோளில் அணைக்கும் பின்கட்டையான சோங்கு அது இல்லை. எப்போதோ கழுத்தில் வெடித்து, அம்மப்பா ஊர்த் தச்சரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்வித்திருக்கிறார். மேலே இருந்த தடித்த வார்னிஷை எடுக்கும்வரை என்ன மரம் என்று தெரியவில்லை. வார்னிஷுக்குக் கீழே இன்னொரு பூச்சு, மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் இளகியது, அப்படியென்றால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பொலிஷ். அதையும் எடுத்ததும் மஞ்சள் மின்னல் மாதிரி ரேகைகள். முதிரை! வோல்நட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோ என்றால் முதிரை ஆயிரத்தைத் தொடும். இந்தத் துவக்கு ஏன் எப்போதும் பின்பக்கம் இழுக்கிறது என்று மாமா சின்ன வயதிலிருந்தே யோசித்திருக்கிறார், பதில் அன்று கிடைத்தது.

முதிரைத் தூள் உடம்புக்கு ஆகாது, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். எனக்கும் தெரியும். ஆனால் சின்னத் துண்டுதானே என்று முழுக்கைச் சட்டை போடாமல், வாயைக் கட்டாமல் தேய்த்தேன். இரவே முழங்கை வரை தடித்துச் சிவந்து, மூன்று நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

அடுத்த பிழை பெரியது. மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். அலுமாரியில் இந்தக் கணக்கு இல்லை, அங்கே எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும், அந்தக் கைப்பழக்கம் எனக்கு. சோங்கின் பின்முனையில் அடித்தட்டு இருக்கும் பக்கத்தில் கட்டை வைக்காமல் விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்ததில் விளிம்பு உருண்டு இறங்கிவிட்டது. இப்போது தட்டின் ஓரம் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு வெளியே நிற்கிறது. தடவினால் நகத்தில் தட்டும். எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது.

வோல்நட் முன்பிடியில் இருந்த தட்டுப்பட்ட பள்ளங்கள் ஈரச்சீலையும் சிரட்டைக்கரி அயன் பெட்டியும் வைத்ததில் அழகாக எழும்பி வந்தன. நசுங்கிய நார் ஆவி பட்டால் ஊதும். முதிரையில் அதே வித்தை பாதிதான் பலித்தது, அது அவ்வளவு இறுக்கமான மரம். இரும்பை ஒட்டிய மரம் பழைய எண்ணெயைக் குடித்துக் கறுத்திருந்ததற்கு, வெண்கட்டித்தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி வெயிலில் வைத்தோம், காய்ந்ததும் தட்டிவிட்டு மறுபடி பூசுவது. தூள் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். ஐந்து தடவைக்குப் பிறகு பழுப்பாவது குறைந்தது, நிறுத்திவிட்டோம்.

மேல்பூச்சுக்கு வேக வைத்த லின்சீட் ஒயில் மட்டும். சில துளி எடுத்து உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்ப்பது, மிச்சத்தைத் துடைப்பது, மறுநாள் திரும்ப. ஆடி மாத வரண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் ஒழுங்காகக் காய்ந்தது, மாரியில் செய்திருந்தால் கிழமைக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். வோல்நட் குடித்துக்கொண்டே இருந்தது, முதிரை மூன்றாவது பூச்சோடு போதும் என்றுவிட்டது. இரண்டையும் ஒரே நிறமாக்கச் சாயம் போடலாம், கையில் சாயமும் இருந்தது. போடவில்லை. அந்த மஞ்சள் சோங்கு அம்மப்பாவின் செலவு, ஊர்த் தச்சரின் கைவேலை, அதை ஏன் இங்கிலாந்து மரமாக நடிக்க வைக்க வேண்டும். (லின்சீட் துடைத்த சீலையைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறும், குவிந்து கிடந்தால் தானே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.)

இனி இலக்கம், துவக்கின் இரும்பில் பொறித்திருக்கும் தொடர் இலக்கம்.

பொறியின் அடிப்பக்கத்தில் துருவும் பழைய எண்ணெயும் சேர்ந்து தட்டையாக மூடியிருந்தது. அந்த இடத்தில் குற்றியைக்கூட வைக்காமல், மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பல் பிரஷால் மட்டும் தேய்த்தேன். எழுத்து மெல்ல வந்தது. மாமா லைசன்ஸ் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கடைசிக்கு முந்தினதில் நின்றுவிட்டார். புத்தகத்தில் 8. இரும்பில் 3.

குழலின் அடிக்கொழுக்கியைப் பார்த்தோம், 3. முன்பிடிக்குள் இருக்கும் இரும்பைப் பார்த்தோம், அங்கேயும் 3. இந்த மாதிரித் துவக்குகளில் மூன்று பாகத்திலும் ஒரே இலக்கத்தைப் பொறிப்பார்கள், பாகம் மாறாமல் இருக்க. ஆகவே இரும்பு பொய் சொல்லவில்லை. எந்தக் காலத்திலோ, யாரோ, துரு அடைத்திருந்த 3ஐ 8 என்று வாசித்து எழுத, பிறகு வந்த ஒவ்வொரு வருடமும் அதையே பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். துரு இருக்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. துருவை எடுத்ததும், லைசன்ஸ் இல்லாத ஒரு துவக்கு எங்கள் மேசையில் கிடந்தது.

அன்று இரவு மாமா சாப்பிடவில்லை. வேறு இடத்தில் இது எழுத்துப்பிழை, எங்கள் இடத்தில் இதை எப்படி விளங்கப்படுத்துவது? இலக்கத்தை நாங்கள்தான் தேய்த்து மாற்றினோம் என்று ஒருவர் நினைத்தால் போதும். மகன், பேசாமல் திரும்பவும் எண்ணெயும் புழுதியும் பூசிவிடலாமே என்றான், பகிடிக்குத்தான் சொன்னான் என்று நம்புகிறேன். அப்போதுதான் போனில் இருந்த படங்கள் நினைவுக்கு வந்தன. துரு மூடியிருந்தபோது எடுத்தது, பாதி வந்தபோது எடுத்தது, முழுக்க வந்தபோது எடுத்தது, மூன்றிலும் திகதி இருந்தது. பெருப்பித்துப் பார்த்தால் துருவுக்குள் அந்த 3, 8 மாதிரியே தெரிகிறது. படங்களை அச்சடித்து, கடிதம் எழுதி, மாமா தானே போய்க் கொடுத்தார். மறைக்காமல் முதலில் போனது சரியான முடிவு. பிறகு கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, துவக்கைக் கொண்டுபோய் மூன்று இலக்கத்தையும் காட்டுவது, இன்னொரு நாள் வரச்சொல்வது, என்று நாலு மாதம். திருத்திக் கொடுத்தார்கள். அந்த நாலு மாதமும் நான் சோங்கைத் தொடவேயில்லை.

அந்த இடைவெளியில்தான் குழலின் அடியில் இருந்த மற்றக் குறிகளை வாசித்தேன். கிரீடக் குறிக்குக் கீழே என்.பி. என்ற எழுத்து, வைர வடிவத்துக்குள் 12. துவக்குக் குழல்களைச் சோதிக்கும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை, 1813இலிருந்து இருக்கும் இடம், என்.பி. என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது என்று அர்த்தம். நல்லது. ஆனால் அறை நீளம் இரண்டரை அங்குலம், இன்று கையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால். இதில் உள்ள ஆபத்து என்னவென்றால் நீளமான தோட்டா தடையில்லாமல் உள்ளே போய்விடும், மடக்கிப் பூட்டவும் வரும். வெடித்து அதன் வாய் விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் எகிறும். மாமாவிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் என்ன போட்டீர்கள் என்று. “கிடைச்சதைப் போட்டம் தம்பி” என்றார்.

பிறகு குழலைக் கழற்றி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து மெல்ல உருட்டிப் பார்த்தேன். நல்ல குழலில் வெளிச்சம் வட்டம் வட்டமாக ஒழுங்காகப் போகும். வாயிலிருந்து ஒரு அடி தூரத்தில் ஒரு வட்டம் கறுத்து, நிழல் மோதிரம் மாதிரி நின்றது. முதல் நாள் சீலை வெள்ளையாக வந்த சந்தோசத்தில் நான் பார்க்காமல் விட்டது இதுதான். வெளிப்பக்கத்தில் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் ஒரு சின்ன மேடு. பழைய ஒரு வெடியில், ஏதோ அடைப்பு இருந்து, குழல் உப்பியிருக்கிறது. பிளக்காமல் விட்டது அம்மப்பாவின் அதிர்ஷ்டம்.

லைசன்ஸ் திருத்தி வந்த பிறகு மாமா அனுமதியுள்ள ஒருவரிடம் துவக்கைக் கொண்டுபோனார், தூரம், விடிய நாலு மணி பஸ். அந்த மனிதர் உறையிலிருந்து எடுத்ததும் நல்லா வந்திருக்கே, யார் செய்தது என்று கேட்டாராம். பிறகு அளவுகோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, இதில் இனி ஒரு வெடியும் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். குழலை மாற்றினால் மட்டும் பாவிக்கலாம், அதற்கு வருகிற செலவு துவக்கின் பெறுமதியைவிடக் கூட.

மாமா வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேலையின் ஒழுங்கே தலைகீழ். குழலையும் முத்திரையையும் இலக்கத்தையும் முதல் நாளே வாசித்திருக்க வேண்டும், அதற்கு ஒரு பகல் போதும். நான் எனக்குத் தெரிந்த மரத்தில் தொடங்கினேன். உண்மையில் பயமாக இருந்தது இன்னொன்று. துருப்பிடித்துக் கிடந்த துவக்கை யாரும் நம்பி எடுத்து வெடி வைத்திருக்க மாட்டார்கள். நான் மினுக்கிய பிறகு, பையன்கூட ஒரு நாள் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டிருப்பான்.

பன்றிக்கு இப்போது வெளிச்சமும் தகரச் சத்தமும். யானைக்கு வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கிற யானைவெடி. துவக்கு பெட்டிக்குள் இருக்கிறது, மாரி தொடங்கினால் மாமா கிழமைக்கொரு தடவை எடுத்து, எண்ணெய்ச் சீலையால் துடைத்து, குளவி போகாதபடி குழல் வாயில் சீலைத் துண்டைச் சுற்றி வைக்கிறார். சிவப்புச் சீலை, மறந்துபோகாமல் இருக்க. பக்கத்து வளவு அக்கா திரும்பவும் தேங்காய்க்கு வருகிறார், ஆனால் படலையடியில் நின்று “தம்பி நிக்கிறானோ?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வருடக் கடைசியில் புதுப்பிக்கப் போகும்போது மாமா ஒரு பையில் லைசன்ஸ் புத்தகம், படங்களின் அச்சுப்பிரதி, கூடவே ஒரு பழைய பல் பிரஷ் எல்லாம் கொண்டுபோகிறார். இலக்கம் பார்க்கிறவர் குனியமுதல் இவர் ஒரு தடவை தேய்த்துக் காட்டுகிறார்.